அம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

"நான் வர்றதுக்குள்ள ஆட்டத்தை மறந்துடாதே, ரோசெந்தா."

"யாரோட ஆடச் சொல்ற? நம்ம ஆட்டுக்குட்டியோடயா?"

"பாட்டுப் பெட்டி அனுப்புறேன். தலையணையைக் கட்டிக்கிட்டு ஆடு."

பிலிப்பைன்ஸில் எங்கள் ஊர் இலோய்லோ துறைமுகத்தில் என் புருஷன் எலிசெயோ கப்பலேறியபோது பேசியது. 'போகாதே' என்று சொல்ல வாயெடுத்தேன், விழுங்கிவிட்டேன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் அவனுக்கு இது நான்காவது வருடம்.

அவன் அனுப்பிய சாமான் பெட்டி போன வாரம்தான் வந்தது. சோப்புக்கும் துண்டுகளுக்கும் நடுவே ஒரு ரெக்கார்ட் பிளேயரும் ஒரு ரெக்கார்டும். வெளிநாட்டுச் சாமான் என்றாலே எங்கள் தெருவில் முதலில் வோல்டேஜைப் பாதியாக்கும் டிரான்ஸ்பார்மரைத் தேடுவோம். அமெரிக்காவிலிருந்து வந்த மிக்சியை நேரே சொருகிக் கருக்காத வீடு இங்கே இல்லை. நானும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி மாட்டினேன். மோட்டார் முனகியதே தவிர தட்டு நகரவில்லை. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு நேரே சொருகினேன். சுழன்றது. எங்கள் கல்யாணத்தில் ஆடிய மெதுவான பாட்டு கோழி விரட்டுகிற வேகத்தில் ஓடியது. பாடகன் சின்னப் பையனைப் போலக் கீச்சிட்டான். தலையணையைக் கட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்தேன். கால் பின்னிக் கட்டிலில் விழுந்தேன். சிரிப்பு வரவில்லை.

ரேடியோ ரிப்பேர் கடை நோங் திமோ, அதாவது திமோ அண்ணன், மோட்டாரைத் திறந்து பார்த்தார்.

"வோல்டேஜ் சிங்கப்பூர்லயும் இங்கயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், தங்கச்சி. டிரான்ஸ்பார்மர் எதுக்கு, மோட்டாரைப் பட்டினி போடவா? கோளாறு வேற. அங்க கரண்ட் நொடிக்கு அம்பது தடவை துடிக்குது, இங்க அறுபது. மோட்டார் அந்தத் துடிப்புக்குத்தான் ஓடும்."

"சரி பண்ண முடியாதா, நோங்?"

"மோட்டார் தலையில இருக்கிற சக்கரத்தைக் கடைஞ்சு சின்னதாக்கி வேகத்தைக் குறைச்சிடலாம். ஆனா அப்புறம் அங்க கொண்டு போனா பாட்டு தூங்கி வழியும். உன் புருஷன்கிட்ட கேட்டுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரொட்டிக்கடைத் தொலைபேசிக்கு அவன் கூப்பிடுவான். வரிசையில் நிற்பவர்களின் காதெல்லாம் என் பக்கம்தான். அதனாலேயே நாலு வருடமாக "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வந்தேன்.

"ஆடினியா?"

"ஆடினேன். விழுந்தேன்."

அவன் சிரித்தான். நோங் திமோ சொன்னதைச் சொன்னேன்.

"கடைய வேணாம், பலங்கா." ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் அப்படிக் கொஞ்சுவான். "இன்னும் ரெண்டு வருஷ வேலைக்கு கான்ட்ராக்ட்ல கையெழுத்துக் கேக்கறாங்க. லீவுக்கு வரும்போது இங்கயே எடுத்துட்டு வந்துடறேன். என் ரூம்ல ஓடட்டும்."

ரொட்டிக்கடைக்காரி பை மடிப்பதை நிறுத்தினாள். வரிசையும் என் பக்கம் சாய்ந்தது. கேட்கட்டும்.

"நாளைக்கே கடையச் சொல்லப் போறேன், எலிசெயோ. அது இனிமே நம்ம வீட்டுல மட்டும்தான் ஓடும். நீ கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வந்துடு."