களா வேலி

பூவராகவன் அரிவாளோடு வருவதைச் சாராள் தொலைவிலேயே பார்த்துவிட்டாள். பின்னால் நாலைந்து ஆண்கள். அவள் கணவன் சாலமோன் இரும்புக் கம்பெனிக்குப் போயிருந்தான். கும்மிடிப்பூண்டியில் அது சில வருஷம் முன்பு வந்த கம்பெனி. வீட்டில் அவள் மட்டும்தான்.

"உன் வேலில காய்ச்சத துன்ட்டு எம்பொண்ணு வாந்தியா எடுக்குது. அவ அம்மா பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடியிருக்கா," என்றான் பூவராகவன். "கிள்னா பால் வருது. அரளி ஜாதி இது. தள்ளு."

"களாச் செடிண்ணா இது. பழம் எல்லாரும் துன்றதுதான்."

சொன்னாளே தவிர, அவளுக்கே உறுதியில்லை. கம்பெனி லாரிகளும் ஆடுகளும் அவர்கள் வேர்க்கடலைக் கொல்லையை நாசம் செய்த வருஷம், காட்டில் பழம் பொறுக்கி விதைபோட்டு அவள் வளர்த்த வேலி அது. விதை முளைக்காத மூலைக்கு மட்டும் புதரிலிருந்து கன்றுகளைப் பிடுங்கிவந்து நட்டிருந்தாள். அவை இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தன. அந்தக் கன்றுகளில் வேறு விஷச்செடி ஏதாவது கலந்துவிட்டதா?

முதல் வெட்டு விழுந்தது. ஒரு செடி சாய்ந்தது. அடுத்தது.

சாராள் மூலைக்கு ஓடினாள். முள் கையைக் கிழிக்க, கறுத்த பழங்களை ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"நில்லுண்ணா. எனக்கும் வாந்தி வந்தா மொத்தத்தையும் வெட்டிக்கோ."

அரிவாள் நின்றது. வெயில் ஏறியது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பழமா, பயமா என்று தெரியவில்லை. வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருமுனையில் ஆதிகேசவன் சைக்கிளை மூச்சிரைக்க மிதித்துவந்தான். பூவராகவனின் மச்சான் அவன்.

"கொய்ந்த கண்ணு முழிச்சிடுச்சு மாமா. காட்டாமணக்குக் கொட்டையாம். பாவாடையில முடிஞ்சி வெச்சினு இருந்துது. உன் ஊட்டுப் பின்னால, கால்வா ஓரம் கெடக்குதே, அதான்."

பூவராகவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், சைக்கிளை வாங்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போனான்.

ஆட்கள் கலைந்தார்கள். ஆடுகள் மேய்ந்து திரும்பும் நேரத்துக்குள், சாராள் வெட்டுப்பட்ட கிளைகளையே இழுத்து இடைவெளியை அடைத்தாள்.

பூவராகவன் வெகுநாள் அந்தப் பக்கம் வரவில்லை. அவன் மனைவி கனகாம்பாள்தான் ஒருநாள் வந்து, அடைத்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"கொய்ந்த நல்லா சோறு துன்னுதா?" என்று மட்டும் கேட்டாள் சாராள்.