அக்காவின் பங்குகள்

சனிக்கிழமை காலை அக்கா அழைப்பு மணியை அடித்த விதத்திலேயே அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக ஒருமுறை தொட்டுவிட்டுக் காத்திருப்பவள், இன்று கையை எடுக்கவேயில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“பேப்பர் பாத்தியாடா? மாமா கம்பெனி! பங்கு விலை எங்கயோ போயிடுச்சாமே!”

அக்காவின் கணவரான மாமா செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். கம்பெனி அவ்வப்போது கொடுத்த பங்குகளைத் தவிர வேறெதையும் அவர் சாகும்போது விட்டுவிட்டுப் போகவில்லை. அக்கா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பங்குகளைத் தம்பியிடம் ஒப்படைத்தாள். குடும்பத்தில் அவனுக்குக் கணக்குப் புலி என்று பெயர். டயர் கம்பெனியில் கணக்கெழுதுகிறவன் என்பதைவிட, யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லுவான் என்பதால் வந்த பெயர்.

செம்பு விலை ஒரு அடி எடுத்து வைத்தால் அந்தப் பங்கு நாலு அடி குதிக்கும், அல்லது நாலு அடி சறுக்கும். அப்படி ஆடுகிற பங்கில் ஆப்ஷன் விற்றால் நல்ல காசு. இந்தப் பங்கை இன்ன விலைக்கு என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையை மாதாமாதம் முகம் தெரியாத யாருக்கோ விற்பது. விலை அதைத் தாண்டாவிட்டால் பங்கும் நமக்கு, உரிமைக்கு வாங்கிய பணமும் நமக்கு. “வீட்டை வாடகைக்கு விடற மாதிரிதான்க்கா” என்று சொல்லியிருந்தான். விலை ஏறினால் குடியிருப்பவன் வீட்டையே எடுத்துக்கொள்வான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பங்கு சரிந்த மாதங்களில் வருமானம் குறைந்தபோது, தன் பெயர் கெடக்கூடாதென்று இன்னும் தாழ்ந்த விலையில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையை விற்று, அதற்குக் கிடைத்த கூடுதல் பணத்தில் அதே தொகையை அனுப்பிவைத்தான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். எங்கோ ஒரு பெரிய சுரங்கம் மூடப்பட்டது. செம்பு எகிறியது, பங்கு இரட்டிப்பாகி அதற்கு மேலும் போனது. நேற்று மாலை அக்காவின் பங்குகள் அத்தனையும் அந்தத் தாழ்ந்த விலைக்கு யாருக்கோ போய்விட்டன.

“சூப்பர்வைசர்கிட்ட போன்லயே சொல்லிட்டேன்டா, மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு. அந்த ஆவியில நின்னு நின்னு கை தோலே போச்சு.” கைகளைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள். வெளுத்து, சுருங்கி, அவளைவிட வயதான கைகள்.

அவன் சொன்னான். சுற்றி வளைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

“அப்ப எல்லாமே போச்சா?”

“பணம் வரும்க்கா. ஆனா பழைய விலைக்குத்தான்.”

அவள் குனிந்து சேலைத் தலைப்பால் கைகளைத் துடைத்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஐயோ, நீயும் இதையே வாங்கி வச்சிருந்தியே! உன்னுதும் போச்சாடா?”

அவனுடையது போகவில்லை. தன் பங்கில் அவன் ஒருநாளும் உரிமை விற்றதில்லை. என்றாவது ஏறும், ஏறினால் முழுசாக ஏறட்டும் என்று விட்டு வைத்திருந்தான். அக்காவுக்கு மாத வருமானம் போதும் என்று அவனே முடிவு செய்திருந்தான். தண்ணீர்ச் சொம்போடு வந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். அரைமணி முன்புதான் அவளிடம் புதுக் கார் பற்றிப் பேசியிருந்தான்.

“ஆமாக்கா” என்றான்.

“அடப்பாவமே.” அக்கா எழுந்து வந்து அவன் முதுகைத் தடவினாள். “விடுடா. வேணும்னா செஞ்ச? நான் சூப்பர்வைசர் கையக் காலப் பிடிச்சுக்கறேன். நீ மனச விட்றாத.”

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவள் கிளம்பினாள். மனைவி சொம்பை மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணி உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க” என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே.

சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினான். தெரு முனையில் பஸ் நின்றிருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பார்த்ததும் பதறி, “என்னடா?” என்றாள். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா” என்றான். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தான்.

“ஏறுறீங்களா, இல்லையா?” என்றார் கண்டக்டர்.

உள்ளே அக்கா பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, வா என்று அவனைப் பார்த்தாள்.