உறைக்குள் முதல் இதழ்

காமிக்ஸ் சேர்க்கும் நாங்கள் மூவரும் ஞாயிறுதோறும் என் வீட்டு மாடியறையில் கூடுவோம். அன்று என் மனைவியின் தம்பி வந்ததும் வராததுமாகத் தன் போனை நீட்டினான். ஒரு காமிக்ஸ் அட்டைப்படத்தின் டிஜிட்டல் டோக்கனை வாங்கியிருக்கிறானாம். உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் அது சொந்தமாம்.

"இந்தப் படத்த என் போன்லயும் பாக்கலாமா?" என்று கேட்டார் எங்களில் மூன்றாமவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"யாரு வேணா பாக்கலாம்."

"அப்புறம் உனக்குன்னு என்னதான் இருக்கு?"

"எனக்குச் சொந்தம்னு இன்டர்நெட்ல பதிவாகியிருக்குல்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா காதுல பூ சுத்தியிருக்காங்கடா உனக்கு! அதப் புரட்ட முடியுமா? மோந்து பாக்க முடியுமா? கையால தொட முடியாதது ஒரு பொருளா?" என்று கத்திக்கொண்டே பீரோவைத் திறந்தேன். கையுறை மாட்டிக்கொண்டு, இருபது வருடமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கும் ஒரு பழைய காமிக்ஸின் முதல் இதழை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இதுக்குப் பேருதான் காமிக்ஸ். நல்லாப் பாத்துக்கோ."

மச்சான் ஆசையாகக் கையை நீட்டினான்.

"தொடாதடா!" என்று அலறிவிட்டேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். "சரி, இதுல கதை என்ன மாமா?"

பின்னட்டையில் கதைச்சுருக்கம் ஏதாவது இருக்கிறதா என்று உறையைத் திருப்பித் தேடினேன். கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

மச்சான் தன் போனை என் பக்கம் நகர்த்தினான்.

"இந்தாங்க மாமா, இதத் தாராளமாத் தொட்டுப் பாருங்க. கையுறைகூட வேணாம்."