பத்து வயது மொழிபெயர்ப்பாளர்

கண்ணாடியில் அப்பாவைக் கண்டபோது சாரங்கா வலது கையை ஓங்கியிருந்தாள். ஓங்கியதை நிறுத்தவில்லை. சங்கிலியில் தொங்கிய தோல்மூட்டை எகிறிப் போய்த் திரும்பி வந்து அவளுடைய தோளை இடித்தது. கதவடியில் தேவராசா குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். குத்துச்சண்டைக் கிளப்பில் யாரும் சப்பாத்துக் கழற்றுவதில்லை. அறுபத்தொன்பது வயதில், சாம்பல் நிறக் காலுறையும் கழுத்துவரை இழுத்துப் பூட்டிய குளிரங்கியுமாக, கையில் காரின் திறப்போடு, பத்துப் பன்னிரண்டு பெண்கள் வியர்வையில் நனைந்து மூட்டைகளை அடித்துக்கொண்டிருந்த அந்த மண்டபத்தின் சுவரோரம் வந்து நின்றார்.

ஐந்து வாரமாக அவள் அவருடைய அழைப்புகளை எடுக்கவில்லை. அம்மாவின் அழைப்புகளை எடுத்தாள். கமலாதேவி அழுது முடித்த பின் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றைத்தான்: "சனம் என்ன கதைக்குது தெரியுமே? பொக்சிங் பழகினவள் தகப்பனிலைதான் சோதினை எழுதினவளாம்."

சனம் கதைத்ததில் பொய் இல்லை. மகள் அபிதாவின் ஆறாவது பிறந்தநாளன்று, டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருந்த தமிழர்களில் ஒரு முப்பது பேர் சாரங்காவின் வீட்டில் இருந்தார்கள். குசினி மேசையில் ஏறி நின்ற அபிதா ஒரு கிளாஸ் ஃபான்டாவைத் தாத்தாவின் மடியில் ஊற்றினாள். வேண்டுமென்றே ஊற்றினாள் என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். தேவராசாவின் கை மேலே போனது. அடிக்கவில்லை, ஓங்கியது மட்டும். அந்தக் கைக்கும் தனக்கும் இடையே இருந்த நாற்காலிகளையும் ஆட்களையும் எப்படிக் கடந்தாள் என்பது சாரங்காவுக்கு இன்றுவரை நினைவில்லை. நினைவில் இருப்பது, அவரைக் குளிர்சாதனப் பெட்டியோடு சேர்த்து அழுத்தி, முன்னங்கையை அவருடைய தொண்டையில் குறுக்கே வைத்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவருடைய தொண்டையிலிருந்து தண்ணீர்க் குழாய் அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அபிதா டேனிஷில் கத்தினாள். கணவன் கஜதீபன் வந்து சாரங்காவின் கையை இழுத்து விலக்கினான்.

அப்பாமேல் இருந்த பழைய கோபத்தைத் தணிக்க, அதற்கு முன்பே அவள் எல்லாம் செய்து பார்த்திருந்தாள். குடும்ப வைத்தியர் கடிதம் கொடுத்து அனுப்பிய உளவியலாளரிடம் ஐந்து முறை போனாள். அனுப்பாத கடிதம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். எழுதினாள், டேனிஷில், ஆறு பக்கம். கோபம் வரும்போது அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். அது எப்போதும் கணுக்காலுக்கு மேலே, கெண்டைக்காலில் இருந்தது. மன்னிப்பது அவருக்காக அல்ல, உங்களுக்காக என்றார்கள். அதை அவள் நம்பினாள்கூட. ஆனால் நம்பியதால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கிளப்பில் சேர்ந்தாள். பயிற்சி கொடுக்கும் பியா அவளிடம் எதையும் விசாரிக்கவில்லை. மூச்சை வெளியே விட்டபடி அடி என்று மட்டும் சொன்னாள். பயிற்சி இருந்த சனிக்கிழமைகளில் நன்றாகத் தூக்கம் வந்தது.

மூட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவள் அப்பாவிடம் போனாள்.

"இஞ்சை ஏன் வந்தனீங்கள்?"

"போனை எடுக்கிறாயில்லை. வீட்டை வந்தால் பிள்ளைக்கு முன்னாலை கதைக்கேலாது." அவர் சுற்றிப் பார்த்தார். "மருமோன் அடுத்த மாதம் கடலுக்குப் போறாராம். கொம்மா சொன்னவள்."

கஜதீபனுக்குக் கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. செவ்வாய்க்கிழமைகளில் ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் சாரங்காவின் வேலை ஆறு மணிக்குத்தான் முடியும். பள்ளி விட்டபின் பிள்ளைகளை வைத்திருக்கும் எஸ்எஃப்ஓவை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் நடக்க முடியாது. தேவராசாவுக்குக் கார் இருந்தது, நாள் முழுக்க நேரம் இருந்தது. வீடும் பக்கத்தில்தான். அபிதா பிறந்த நாளிலிருந்து சாரங்கா அவளை ஒரு பத்து நிமிடம்கூட அவரோடு தனியாக விட்டதில்லை. இதை இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதுமில்லை.

"செவ்வாய்க்கிழமை பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

"அது என்ர பாடு."

"நாலு நிமிசத் தூரத்திலை நான் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறன். என்னை என்ன, நாய் எண்டே நினைச்சனி? பிள்ளையைக் கடிச்சுப் போடுவன் எண்டே?"

பியா கைகளைத் தட்டி எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரியச் சொன்னாள். ஒருவர் அடிக்க, மற்றவர் இரு கைகளிலும் மெத்தை போன்ற பேட்களை மாட்டி வாங்க வேண்டும். மூன்று நிமிடம் ஒரு சுற்று. சாரங்காவின் சோடி அன்று காய்ச்சலில் வரவில்லை. அவள் நிலத்தில் கிடந்த பேட்களை எடுத்து அப்பாவின் நெஞ்சில் வைத்தாள்.

"பிடியுங்கோ."

"எனக்கு உது தெரியாது."

"பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும். அடிக்கிறது நான்."

அவர் குளிரங்கியைக் கழற்றி மடித்து வாங்குப் பலகையில் வைத்தார். காரின் திறப்பை அதன் பைக்குள் போட்டார். பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சிரித்தபடி டேனிஷில் கேட்டாள்: "உன் அப்பாவா? பாவம், என்ன குற்றம் செய்தார்?"

மணி அடித்தது.

அவர் பேட்களைத் தட்டம் ஏந்துவது போல ஏந்தினார். சாரங்கா அவற்றை நிமிர்த்தி விட்டாள். முதல் இரண்டு அடியையும் மெதுவாகத்தான் போட்டாள். அவர் கண்ணை இறுக மூடினார்.

"கண்ணை மூடாதேங்கோ. மூடினால்தான் படும்." இடது, வலது. "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. பள்ளிக்கூடத்துக்கு உங்களைக் கூப்பிட்டவை. ஞாபகம் இருக்கோ?"

"எத்தினையோ தரம் கூப்பிட்டவை."

"நேர்ஸ் ஒருத்தி இருந்தவ."

"தெரியேல்லை, பிள்ளை."

அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பத்து வயது. வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு, போகக்கூடாது என்று சொல்லியும் நூலகத்துக்குப் போவதாகப் பொய் சொல்லிப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் அவர் இஸ்திரிப்பெட்டியின் வயரைக் கழற்றி எடுத்தார். பதினொரு அடி விழுந்தது. அம்மா குசினிக் கதவை உள்ளே இருந்து சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் உடற்பயிற்சி வகுப்பில் ரீச்சர் கெண்டைக்காலைப் பார்த்தார். அடுத்த நாள் வகுப்பு ரீச்சரும் பள்ளி நேர்ஸும் தேவராசாவை வரச் சொன்னார்கள். பதிவு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர், இங்குள்ள தமிழர் வாயில் 'ரொல்க்', வரவில்லை. காத்திருந்தார்கள். பிறகு ரீச்சர், சாரங்காதான் இவ்வளவு அழகாக டேனிஷ் பேசுகிறாளே என்றார்.

நேர்ஸ் அவளுடைய முகத்தைப் பார்த்து, காலில் இருக்கும் தழும்புகள் எப்படி வந்தன என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாள். அவள் திரும்பி, "அப்பா, என்ர காலுக்கு என்ன நடந்ததெண்டு கேக்கினம்" என்றாள். அவர் ரீச்சரைப் பார்த்துச் சிரித்தபடியே, "சைக்கிளாலை விழுந்ததெண்டு சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. ரயில் பாதையோரம் சரளைக் கல் கொட்டியிருந்த இறக்கத்தையும், கழன்ற சங்கிலியையும் தானாகவே சேர்த்துச் சொன்னாள். நேர்ஸ் எழுதிக்கொண்டாள். பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்த சட்டம் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது என்பதை அவள் இருபது வயதில்தான் அறிந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா காரை நிறுத்தி அவளுக்கு ஒரு சொசேஜ் வாங்கிக் கொடுத்தார், பொரித்த வெங்காயம் தூவி. அவள் அதைச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. உளவியலாளரிடம் பதினொரு அடியையும் சொன்னவள், அந்தச் சொசேஜைச் சொல்லவில்லை.

"இடது கையை உயர்த்துங்கோ."

அடிகள் இப்போது முழுதாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தேவராசா அரை அடி பின்னால் போனார். காலுறை தரையில் வழுக்கியது.

"எல்லாரும்தான் அடிச்சவை, பிள்ளை." அவருக்கு மூச்சு வாங்கியது. "என்ர ஐயா என்னைத் தூணிலை கட்டிப்போட்டு அடிச்சவர். அவர் செத்தாப் பிறகு நான் இஞ்சை இருந்து அழுதனான். உன்னைப்போலை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு இருக்கேல்லை."

இடது, வலது, இடது. அவருடைய முதுகு சுவரைத் தொட்டது. இனிப் போக இடமில்லை.

"அடிச்சதை நான் கேக்கேல்லை. எல்லாற்றை பிள்ளையளும் தங்கடை அடிக்குத் தாங்களே ரொல்க் செய்தவையே, அப்பா?"

தேவராசா பேட்களைக் கீழே விட்டார். களைப்பில் கை விழுந்ததா, அவராகவே விட்டாரா என்று அவளுக்குப் பிறகும் தெரியவில்லை. அவளுடைய வலது கை புறப்பட்டுவிட்டிருந்தது. தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பி, மூன்று வருடம் பழகிய ஒழுங்கில், அது அவருடைய மூக்கில் இறங்கியது. ஈரமான ஒரு சத்தம். கையுறைக்குள் இருந்த அவளுடைய விரல் எலும்புகளுக்கு, எதிரே ஏதோ விலகிக் கொடுத்தது தெரிந்தது. அவர் சுவரோடு சறுக்கி உட்கார்ந்தார். சட்டையின் முன்புறம் சிவந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

பியா ஓடி வந்து முழங்காலில் இருந்தாள். "தலை சுற்றுகிறதா, நான் இரண்டாகத் தெரிகிறேனா என்று கேள்" என்றாள் சாரங்காவிடம்.

சாரங்கா வாயைத் திறந்தாள். தேவராசா இரத்தம் பட்ட கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். இருபத்தெட்டு வருடத் தொழிற்சாலை வேலையில் பழகிய டேனிஷ் அவருக்கு இருந்தது, இயந்திரத்துக்கும் மதியச் சாப்பாட்டு அறைக்கும் போதுமான அளவு. அவர் பியாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு டேனிஷிலேயே பேசினார்.

"தலை நல்லது. நான் அடித்தது. இவளை. சின்னப்பிள்ளை அப்போது. வயர்." மூச்சு எடுத்தார். "பள்ளி கேட்டது. நான் சொன்னது, விழுந்தது சொல்லு என்று. இவள் விழவில்லை."

பியா சாரங்காவை நிமிர்ந்து பார்த்தாள். சாரங்கா ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. "சரி," என்றாள் பியா. மறுபடியும், "சரி," என்று சொல்லிவிட்டு, ஐஸ் எடுத்து வர எழுந்து போனாள்.

இந்தக் காட்சியை சாரங்கா எத்தனையோ தரம் மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். அவற்றில் அவர் அவளைப் பார்த்துச் சொல்வார், தமிழில் சொல்வார், அழுவார். அவளுக்குள் எங்கோ ஒரு கதவு திறக்கும். இங்கே எதுவும் திறக்கவில்லை. வலது கை விண்விண் என்று வலித்தது. அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சுவரில் வைக்கப் போனார்.

"நிமிராதேங்கோ. ரத்தம் தொண்டைக்குள்ளை போகும். முன்னுக்குக் குனியுங்கோ."

கையுறைகளைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு அவருக்கு முன்னால் இருந்தாள். மூக்கின் மென்மையான பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து அழுத்தினாள். பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். இரத்தம் எடுக்க நாளொன்றுக்கு நாற்பது பேரின் கைகளில் ஊசி ஏற்றும் விரல்கள் அவை. அப்பாவின் முகத்தை அவள் இதற்கு முன் எப்போது தொட்டாள் என்று யோசித்தாள். பிறந்தநாளன்று தொட்டது தொண்டை.

"செவ்வாய்க்கிழமைக்கு..." அவருடைய குரல் அடைத்து, கார்ட்டூன் வாத்துப் போல வந்தது. அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது.

"மூக்காலை கதையாதேங்கோ, அப்பா."

"வேறை ஆரையாவது பார்." வாயால் மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். "அண்டைக்கு நான் கை ஓங்கினது எனக்குத் தெரியாது. உண்மையா. நீ பிடிச்சாப் பிறகுதான் தெரியும், என்ர கை மேலை நிக்குதெண்டு." உதட்டில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார். "பிள்ளை கேட்டால், தாத்தாவுக்குக் கார் பழுதெண்டு சொல்லு."

"சொல்லமாட்டன்," என்றாள்.

"அப்ப என்னெண்டு சொல்லுவாய்?"

அவள் பிடியைச் சற்று இறுக்கினாள். விரலிடுக்கில் இரத்தம் இன்னும் சூடாக ஊறிக்கொண்டிருந்தது.

பியா துணியில் சுற்றிய ஐஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களை மூட்டைகளுக்குத் திருப்பி அனுப்பினாள். முதல் அடி விழுந்தது. தேவராசாவின் தோள்கள் காதுவரை எழும்பித் தாழ்ந்தன. அடுத்த அடிக்கும் எழும்பின. பிறகு பத்து மூட்டைகளும் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் அதிரத் தொடங்கின. தலை நிமிராமல் இருக்க சாரங்கா மற்றக் கையை அவருடைய பிடரியில் வைத்தாள். அந்தக் கைக்குக் கீழே, ஒவ்வொரு சத்தத்துக்கும், அவருடைய தோல் துள்ளியது.