சாப்பிட்டே மெலியும் வித்தை

காலை ஆறரை மணிக்கு சுல்பிகாவின் குசினியில் ரொட்டி வாசமும் மீன் ஆணத்தின் வாசமும் கலந்து நின்றன. மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் மட்டும் நின்றபடியே, போத்தல் தண்ணீரில் வனிலா மணக்கும் வெள்ளைப் புரதத் தூளை இரண்டு கரண்டி போட்டுக் குலுக்கினாள். ஒன்பது நாட்களாக அவளுடைய காலைச் சாப்பாடு அதுதான். பகலுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, இரவுக்கு மறுபடியும் தூள். சோறு, ரொட்டி, தேங்காய்ப்பால் எதையும் தொடக்கூடாது.

சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் சுல்பிகா. சமிபாட்டுத் தொகுதியைப் புத்தகம் பார்க்காமலே பலகையில் வரைவாள். அப்படிப்பட்டவளும் ஏமாந்தாள். கணவனின் தங்கையான மச்சியின் கலியாணத்துக்கு உடுப்பு எடுக்கக் கல்முனைக்குப் போன இடத்தில், "இவவுக்கு அளவான அபாயா இஞ்ச இரிக்கா, இல்லாட்டி ரெண்ட சேத்துத் தைக்கணுமா?" என்று கணவனின் உம்மாவான மாமி சத்தமாகக் கேட்டார். கடையே சிரித்தது. கணவன் றம்ஸீனும் சேர்ந்து சிரித்தான். அன்று பின்னேரமே அவள் நஜ்லாவின் வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள்.

நஜ்லா தன்னை 'கோச்' என்று சொல்லிக்கொள்பவள். தூளையும் அவளிடம்தான் வாங்க வேண்டும். "புரதம் லேசில செமிக்காது கா. அதச் செமிக்க ஒடம்பு உள்ளுக்கு இரிக்கிற கொழுப்பெல்லாத்தையும் எடுத்து எரிக்கும். நீங்க சாப்பிடச் சாப்பிட மெலிவீங்க," என்று தினமும் குரல்பதிவு அனுப்புவாள். அதில் கொஞ்சம் உண்மை இருப்பது சுல்பிகாவுக்குத் தெரியும். புரதத்தைச் செமிக்க உடல் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறது. எவ்வளவு கூடுதல் என்று பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நம்பிவிட வேண்டும் போலிருந்தது. "டீச்சரும் நம்மளோடதான்" என்று நஜ்லா அவளுடைய படத்தைப் போட்டு ஊரெல்லாம் பரப்பியபோதும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்று மூன்றாம் பாடவேளையில், முன்வரிசை வாங்குப் பலகையில் இருந்த றிபா கொப்பியோடு சரிந்து விழுந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை. நெற்றி வாங்கின் விளிம்பில் பட்டுப் பிளந்தது. சுல்பிகா அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

தையல் போட்டுச் சேலைன் ஏற்றிய டொக்டர், "எத்தின நாளாச் சாப்பிடல்ல?" என்று கேட்டார்.

"சாப்பிட்டன். உம்மாட தங்கச்சி, சாச்சிட டின்னில இருந்து தூள் எடுத்துக் குடிச்சன்," என்றாள் றிபா. பிறகு சுல்பிகாவைப் பார்த்தாள். "டீச்சர் செய்யிறதத்தான் நானும் செஞ்சன். டீச்சர் செஞ்சா அது சரியாத்தானே இரிக்கும்?"

ஓடிவந்த றிபாவின் உம்மா சுல்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், நீங்க பக்கத்தில இருந்தீங்க," என்று அழுதார். அந்த நன்றியைத் தாங்க முடியாமல் சுல்பிகா தலையைக் குனிந்தாள். தன் படத்தை நம்பித்தான் அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தது என்று அன்றே, அந்தக் கட்டிலடியிலேயே, அவருக்குச் சொன்னாள். றிபாவின் உம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

சனிக்கிழமை கலியாண மண்டபமொன்றில் நஜ்லாவின் கூட்டம் நடந்தது. அறுபது பெண்கள் இருப்பார்கள். "இப்ப சுல்பிகா டீச்சர் தன்ட அனுபவத்தச் சொல்லுவா," என்று நஜ்லா சிரித்தபடி மைக்கை நீட்டினாள். சுல்பிகா வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"நூறு கலோரி புரதம் சாப்பிட்டா, அதச் செமிக்க இருபது, முப்பது போகும். சோறு, ரொட்டி மாதிரி மாச்சாப்பாடெண்டா அஞ்சு, பத்து. கொழுப்பெண்டா மூணு வந்தாலே கூட. இது உண்ம. ஆனா அந்த முப்பது போனா மிச்சம் எழுவது ஒடம்புக்குள்ளதானே இரிக்கி? தன்னச் செமிக்கிறதுக்கே தன்னவிடக் கூடச் செலவு வைக்கிற சாப்பாடு எதுவுமே இல்ல. சோத்துக்கும் தூளுக்கும் உள்ள வித்தியாசம் பதினஞ்சு, இருபது கலோரிதான்; கொஞ்சத் தூரம் நடந்தாலே அது எரிஞ்சிரும். நாம மெலிஞ்சது தூளால இல்ல, பட்டினியால."

நஜ்லாவின் சிரிப்பு மறைந்தது. "பத்து நாளில அவசரப்பட்டுக் கதைக்காதீங்க டீச்சர். ஒங்களால ஏலாட்டி விடுங்க. மத்தவங்க மெலியிறதப் பாத்துப் பொறாமப்படாதீங்க. ஒங்கட ஒடம்பக் கொஞ்சம் பாருங்க."

"பாத்துட்டன். மூணு புள்ள பெத்த ஒடம்பு. நாள் முழுக்க நிண்டு படிப்பிக்கிற ஒடம்பு. இத வெச்சி என்ன வெக்கப்படுத்த இனி ஒங்களுக்கு ஏலாது," என்றாள் சுல்பிகா. பிறகு பெண்களின் பக்கம் திரும்பினாள். "என்ட படத்தப் பாத்து ஒரு பச்சப்புள்ள மண்ட ஒடைஞ்சி கிடக்கு. அதில எனக்கும் பங்கிருக்கு. தெரிஞ்சிக்கிட்டே வாய் மூடி இருந்தன். கடல் வாசலில இரிக்கி. மீனும் பருப்பும் முட்டையும் நம்மட குசினியிலயே கிடக்கு. நான் புரதத்த டின்னில தேடிப் போனன்!"

மைக்கைப் பிடுங்க நஜ்லா கை நீட்டினாள். அதற்குள் பின்வரிசையில் தங்கையோடு வந்திருந்த றிபாவின் உம்மா எழுந்தார். "அவ கதைக்கட்டும்!" என்று கத்தினார். பிறகு ஒவ்வொருவராகப் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் குனிந்து கைப்பேசியைப் பார்த்தார்கள். சுல்பிகா வாசலைத் தாண்டுமுன் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, சிவப்பரிசிச் சோறும் சூரை மீனும் கீரையும் தட்டில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ அதற்குள் மாமியின் கைக்கு வந்துவிட்டது.

"ஊரு முழுக்க ஒன்ட கததான். கலியாணத்துக்கு மூணு கெழமதான் இரிக்கி. நீ இப்பிடியேவா வரப்போறா?" என்றார் மாமி.

"ஓம் மாமி, இப்பிடியேதான் வருவன்."

மாமி மகனைப் பார்த்தார். றம்ஸீன் இந்த முறை சிரிக்கவில்லை. தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "விடுங்க உம்மா. அண்டைக்குக் கடையில நானும் சிரிச்சது பிழ," என்றான்.

சுல்பிகா சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து சொன்னாள்:

"நஜ்லா கொஞ்சம் உண்மையக் காட்டித்தான் பொய்ய வித்தா. அத என்ன வாங்க வெச்சது நீங்க கடையில சிரிச்ச சிரிப்புத்தான். அடுத்தவங்கட ஒடம்பப் பாத்துச் சிரிக்கிறத நாம நிப்பாட்டினா, இந்த மாதிரி யாவாரம் ஊருக்குள்ள நடக்காது மாமி."