பரிசத் தட்டில் இரண்டு சேவல் கத்தி

எங்கள் அப்பா சின்னராசாவுக்கு வீட்டில் மூன்று பேர்: கத்தி, பெண்டாட்டி, பிள்ளை. வரிசை அம்மா சொன்னது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சேவல் மார்க் மடக்குக் கத்தி அது. மரப்பிடி, அலகின் அடியில் ஒரு சேவல் முத்திரை. ராகலை பஜாரில் ஹிஷாம் நானா கடையில் வாங்கியது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே அப்பாவின் சட்டைப் பையில் குடியேறிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தோட்டத்தில் லீக்ஸ் வேரை நறுக்க, உர மூட்டையின் வாயைத் திறக்க, பாக்கு வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். கால் நகத்தை வெட்டிவிட்டு, அதே கத்தியால் கொய்யாப்பழத்தைக் கீறி "இந்தா லோஜினி, தின்னு" என்று நீட்டுவார். அம்மா அகப்பையோடு வெளியே வருவாள். வேறு கத்தி வாங்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

"சேவல் இருக்கிற பையில வேற கத்தி நொழையாது" என்பார்.

அந்தக் கத்திக்கு ஒரு குணம் உண்டு. திறந்தாலும் மடக்கினாலும் பாதியில் நின்று அடம்பிடிக்கும். கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால்தான் மீதி வரும். என் பரிசத்துக்கு முதல் நாள் அப்பா அதைத் தீட்டி, தேங்காய் எண்ணெய் போட்டு வைத்தார். "இனிமே பாரு, வெண்ணெய் மாதிரித் தெறக்கும்" என்றார். காலையில் நான் பூக்காம்பு நறுக்க எடுத்துத் திறந்தேன். பாதியில் நின்றது. எண்ணெயாவது, வெண்ணெயாவது!

மாப்பிள்ளை விஜிதரன், பொகவந்தலாவைக்காரர். நுவரெலியாவில் போன் கடையில் வேலை. என் போனைத் திருத்தக் கொடுக்கப் போய்ப் பழக்கமானோம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க நாங்கள் பட்டது நாய் படாத பாடு. அப்படிப்பட்ட நாளில்தான் இந்தக் கூத்து நடந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். நடுவீட்டில் பாய் விரித்து, அவர்கள் கொண்டுவந்த பரிசத் தட்டை வைத்தார்கள். சேலை, பூ, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் இருந்தன. அப்பா பாக்கு வெட்டக் கத்தியை எடுத்தார். விஜிதரனின் அப்பா செல்லசாமி மாமா அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெதுவாகத் தன் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது இன்னொரு சேவல்!

"சம்பந்தி, ஒங்களுதும் சேவலா?" என்றார் அப்பா.

"பொறகு? வேற கத்தி என் கைக்குப் பிடிக்காதுங்க."

அவ்வளவுதான். திருவிழாவில் தொலைந்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற நான், மாரியாத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று கும்பிட்டுக்கொண்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

ஒருவர் கத்தியை மற்றவர் பார்க்க ஆசைப்பட்டார். ஆனால் கத்தியைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் அல்லவா? கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் பேசும் இடத்தில் அந்த வழக்கத்தை மீறுவார்களா? இரண்டு பேரும் தங்கள் கத்தியை மடக்கியபடியே மரியாதையாகப் பரிசத் தட்டில் வைத்தார்கள். எடுத்தார்கள், பிடியைத் தடவினார்கள், "பழைய இரும்பு, பழைய இரும்புதான்" என்று தலையாட்டினார்கள், திரும்பவும் தட்டில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா, வாழைப்பழம் வைக்க இடம் பண்ணுவதற்காகத் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

பிறகு இரண்டு பேர் கையும் ஒரே கத்தியின் மேல் விழுந்தது. அப்பா முந்திக்கொண்டார்.

"சம்பந்தி, அது என்னோடது" என்றார் மாமா, சிரித்தபடியே.

அப்பா திறந்து பார்த்தார். வழுக்கிக்கொண்டு திறந்தது. "இல்லீங்க. நேத்துதான் எண்ணெ போட்டேன். பாருங்க, எப்பிடி வருதுன்னு."

"என் கத்தி எண்ணெ போடாமலே அப்பிடித்தாங்க வரும். அந்தா, ஒங்களுது தட்டுல கெடக்கு. எடுத்துப் பாருங்க."

"அடுத்தவங்க கத்திய நான் எதுக்குங்க தொடணும்?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்கு எப்போதுமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். ஹிஷாம் நானாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, இதில் எது நான் உங்களிடம் வாங்கியது என்று கேட்டார்.

"சின்னராசா, நான் கத்தி வித்தவன். அதுக்குப் பேரு வச்சவன் இல்ல" என்றார் நானா. "வந்தவங்களுக்குச் சோத்தப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சோறு எங்கே போடுவது? மாமா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "கத்திக்கே இந்தப் பாடுன்னா, நாளைக்குப் பொண்ணக் குடுத்துட்டு என்னென்ன பேசுவாங்களோ! தட்ட எடுங்க, கெளம்புவோம்." விஜிதரன் "அப்பா, அப்பா" என்று அவர் பின்னாலேயே எழுந்து நின்று விழித்தார். நூறு உடைந்த போனைத் திருத்துகிற மனிதர், அன்றைக்கு மாமாவின் துண்டு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அதை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேன்டீத் தட்டோடு உள்ளே போனேன். குனிந்து வைக்கிற சாக்கில், பரிசத் தட்டில் கிடந்த மற்றக் கத்தியை எடுத்துத் திறந்தேன். பாதியில் நின்றது.

எங்களுடையது இதுதான். அப்பா கையில் இறுக்கிப் பிடித்திருந்தது மாமாவின் கத்தி.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேர் முன்னால் அப்பா தலை குனிய வேண்டும். "தாலி ஏறல, அதுக்குள்ள அந்தப் பக்கம் சாஞ்சிட்டா" என்று காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். சொல்லாவிட்டால் வேன் கிளம்பிவிடும், என் கல்யாணமும் அதிலேயே ஏறிப் போய்விடும். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. கிழட்டுச் சேவல்கள் இரண்டும் கொத்திக்கொள்ள என் வாழ்க்கைதான் கிடைத்ததா?

"மாமா, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். சபையே திரும்பிப் பார்த்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பரிசத் தட்டுல வச்ச சாமான் யாருக்குங்க?"

மாமா முறைத்தார். "பொண்ணுக்குத்தான். இது என்னா கேள்வி?"

"ரெண்டு கத்தியும் தட்டுலதானே வச்சீங்க? ரெண்டு பேரும் ஒங்க கையாலயே வச்சீங்க. அப்ப ரெண்டும் எனக்குத்தான். அப்பா, அதக் கீழ வைங்க."

முதலில் சிரித்தது விஜிதரன்தான். பிறகு வந்திருந்த கிழவிகள் எல்லாம் "பொண்ணு சொல்றது ஞாயந்தானே!" என்று பிடித்துக்கொண்டார்கள். வழக்கத்தைச் சொல்லி மடக்கினால் இரண்டு பேராலும் என்ன பேச முடியும்? மாமா உட்கார்ந்தார். அப்பா கத்தியைத் தட்டில் வைத்தார். பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி வெறும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

கல்யாணம் வரைக்கும் இரண்டு கத்தியும் என் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. தாலி கட்டும்வரை மாப்பிள்ளை எலுமிச்சம்பழம் குத்திய கத்தி ஒன்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். யாருடைய கத்தி என்று அடுத்த சண்டை வருவதற்குள், இரண்டையும் நானே திறந்து, நுனியில் பழம் குத்திக் கொடுத்தனுப்பினேன். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்த விஜிதரனைப் பார்த்து, "மாப்பிள சண்டைக்கு வாராரு, வழி விடுங்க" என்று கோயில் வாசல் முழுக்கக் கேலி.

தாலியை எடுத்த ஐயர், "கத்தியை யாராவது வாங்குங்கோ, நேரமாகிறது" என்று அதட்டினார். பக்கத்தில் நின்ற அப்பாவிடம் ஒன்று போயிற்று, மாமாவிடம் மற்றது போயிற்று. இரண்டு பேரும் பழத்தைக் கழற்றி மடக்கினார்கள். அப்பா கையிலிருந்தது சத்தமில்லாமல் மடங்கியது. மாமா கையிலிருந்தது பாதியில் நின்றது. அவர் அழுத்தினார், வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கட்டைவிரல் வெறும் காற்றில் ஒரு தள்ளு தள்ளியது. முகம் மாறியது. சட்டென்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பா மணவறையைச் சுற்றிக்கொண்டு மாமாவிடம் போனார். "சம்பந்தி, அது என் கழுத. அடம்பிடிக்கும். இதுதான் ஒங்களுது. அன்னைக்கு நான் பேசினது தப்புங்க" என்று கத்தியை நேராக அவர் கையில் கொடுத்தார். மாமாவும் மற்றதை அப்பா கையிலேயே வைத்தார்.

"ஐயையோ, கையோட கை குடுக்காதீங்க, சண்டை வரும்!" என்று அம்மா கத்தினாள்.

"குடுக்கட்டும் தங்கச்சி" என்றார் மாமா, கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "போட வேண்டிய சண்டைய எல்லாம் முன்னாடியே போட்டு முடிச்சிட்டோம்."

அதற்குப் பிறகுதான் விஜிதரனுக்குத் தாலி கட்ட வழி கிடைத்தது.