காட்டுக்கு நடுவே ஒரு ரோடு

ஜேடர்பாளையம் போகும் பழைய மண்ரோடு கந்தம்மாளின் காட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. கிணறு மேற்கே; நல்ல மண் கிழக்கே. சர்க்கார் ரோட்டின் குறுக்கே வாய்க்கால் வெட்டக் கூடாது. பதினோரு வருஷமாகக் குடத்தில் தண்ணீர் தூக்கித்தான் கிழக்கே மிளகாய் வளர்த்தாள்.

போன வருஷம் ஊருக்குத் தெற்கே நேராகத் தார்ரோடு போட்டார்கள். பழைய ரோட்டை இருபுறமும் நிலம் வைத்திருப்பவர்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தண்டோரா போட்டதும், முதல் மனு அவளுடையது.

ஒரு நாள் மத்தியானம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ரோட்டில் போக்குவரத்து இல்லை என்று அவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். எழுதினால் ரோடு கந்தம்மாளுக்கு.

"எறும்புகூடப் போறதில்லீங்க சாமி" என்றாள்.

அப்போது சலங்கைச் சத்தம் கேட்டது.

புண்ணாக்கு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று ஆடி அசைந்து வந்தது. மூட்டைமேல் பக்கத்து ஊர்க் கண்ணுசாமி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சந்தை முடிந்து திரும்பும் வண்டிக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் படுத்துவிடுவது வழக்கம். வழி மாடுகளுக்குத் தெரியும். இந்த மாடுகளுக்குத் தெரிந்தது பழைய வழி.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இதென்னம்மா, எறும்பா?"

கந்தம்மாள் ஓடிப்போய் மாட்டின் கயிற்றைப் பிடித்தாள்.

"ஏப்பா கண்ணுசாமி! எந்திரி! எதுல போறே நீ?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "தார்ரோட்டுலதானுங்க அக்கா. எப்படி வழவழன்னு போவுது பாருங்க."

மாடுகள் நிற்காமல் இழுக்க, வண்டி ஒரு குழியில் இறங்கி அவனைத் தூக்கிப் போட்டது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி, சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்தார். "இந்த ரோடு உனக்கு வேணுமாப்பா?"

கண்ணுசாமி சுற்றிலும் பார்த்தான். "அட கருமமே! இந்தக் குண்டுங்குழியும் எனக்கு எதுக்குங்க? இதுக பண்ணுன வேலைங்க சாமி!"

"மாடு மனுப் போட முடியாது" என்று இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

ஆடியில் உத்தரவு வந்தது. வண்டி ஓடி ஓடி இறுகிய மண்ணில் மம்பட்டி இறங்கவில்லை. கேள்விப்பட்டுக் கண்ணுசாமியே கடப்பாரையோடு வந்தான்.

"தூங்காமக் குத்துவியா?" என்றாள் கந்தம்மாள்.

"சோறு போட்டாக் குத்துவேனுங்க."

மூன்றாம் நாள் வாய்க்கால் திறந்தாயிற்று. தண்ணீர் சரளையில் தயங்கியது, நுரைத்தது, ரோட்டைத் தாண்டியது. கந்தம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு அதற்கு முன்னால் கிழக்கே ஓடினாள்.